பரணில் ஒரு ஹெல்மெட்: உயரப் பறந்தவர்களின் பழைய சாதனங்களை அடையாளம் காண்பது எப்படி?

(நம் சங்கக் கூடத்தில் ஞாயிறு மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பழைய பொருளை அடையாளம் காண்பது பற்றிப் பேசப் போகிறேன்" என்று செயலாளரிடம் சொன்னபோது, "சார், மேடையில் நீங்கள் நின்றாலே போதுமே" என்றார். அவருக்கு அடுத்த மாதப் பராமரிப்புக் கட்டணத்தைத் தாமதமாகக் கட்டுவதாக இருக்கிறேன்.

நான் விமானம் ஓட்டியவன் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் 34 வருஷம் கிளார்க்காக இருந்தவன். என் மூத்த அண்ணா விமானப்படையில் ஏர்மேன். விமானிகளின் ஹெல்மெட், ஆக்ஸிஜன் முகக்கவசம், பாராசூட் ஆகியவற்றைச் சோதித்துப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தார். லீவில் வந்தால் ராத்திரி மொட்டை மாடியில் இதைப் பற்றித்தான் பேச்சு. அப்படித் தொற்றிய ஆர்வம் எனக்கு. பிற்பாடு நாணயம், தபால்தலை சேகரிப்பவர்களோடு பழகியபோது, அவர்களில் சிலர் இந்த மாதிரிச் சாதனங்களையும் சேகரிப்பது தெரிந்தது.

இப்போது இதைப் பேசக் காரணம் உண்டு. 1963-இல் நம் விமானப்படையில் சேர்ந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் ஓய்வு பெற்றது. 62 வருஷ சர்வீஸ். நமக்கெல்லாம் 60-லேயே மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு விமானம் ஓய்வு பெற்றால் அதோடு சேர்ந்த பொருட்களுக்குத் திடீரென்று மவுசு வந்துவிடும். மவுசு வந்தால் போலியும் வரும். அதற்கு முந்தைய வருஷம் மெரினாவில் நடந்த விமான சாகசத்தைப் பார்த்ததிலிருந்தே நம் பிள்ளைகளில் சிலருக்கு இந்த ஆசை இருக்கிறது. இன்னொரு பக்கம், நம் மயிலாப்பூர், அடையாறு வீடுகளின் பரணில் உண்மையான பொருட்கள் தூசி படிந்து கிடக்கின்றன. அவை எடைக்குப் போகின்றன. போலியைக் காசு கொடுத்து வாங்குவதும், நிஜத்தைக் கிலோ கணக்கில் கொடுப்பதும் ஒரே கட்டடத்தில் நடக்கிறது.

உயரே போனால் என்ன ஆகும்?

இந்தச் சாதனம் எதற்கு என்று தெரிந்தால்தான் எது சரி, எது தப்பு என்று தெரியும். சுமார் 18,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் பாதிதான். நாம் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் விமானம் 35,000 அடியில் பறக்கிறது. ஆனால் உள்ளே கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பது போன்ற அழுத்தத்தை வைத்திருப்பதால் நாம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறோம்.

போர் விமானத்தில் அந்த அறை உடைந்து அழுத்தம் போய்விட்டால்? 40,000 அடி வரை சுத்த ஆக்ஸிஜனை முகக்கவசத்தில் சுவாசித்துச் சமாளிக்கலாம். அதற்கு மேல் ஆக்ஸிஜனை அழுத்தித் தள்ளினால்தான் நுரையீரல் ஏற்கும். இன்னும் மேலே போனால், உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்துக்கு ஈடாக வெளியிலிருந்தும் உடம்பை இறுக்கிப் பிடிக்க வேண்டும். சுமார் 63,000 அடியில் தண்ணீர் நம் உடம்புச் சூட்டிலேயே கொதிக்கும் அளவுக்கு அழுத்தம் குறைந்துவிடும்.

அந்த இறுக்கிப் பிடிக்கும் உடைதான் அழுத்த உடை. கை, கால், முதுகு நெடுக ஒரு குழாய் ஓடும். ஆபத்து வந்தால் அதில் வாயு நிறையும். குழாய் பருத்ததும், அதைச் சுற்றிப் பின்னிய நாடாக்கள் துணியை இழுத்து உடம்போடு இறுக்கும். ஆளுக்கு ஆள் அளவு பார்த்து இறுக்க நெடுகக் கயிற்றுப் பின்னலும் இருக்கும்.

நம் நாட்டில் இது யாருக்குத் தேவைப்பட்டது? தொடக்க கால மிக்-21 விமானிகளுக்கும், 1981 முதல் 2006 வரை பரேலியில் இருந்த மிக்-25 உளவு விமானங்களின் விமானிகளுக்கும். மிக்-25 என்பது 20 கிலோமீட்டருக்கு மேல் பறந்து படம் எடுத்த விமானம். அதை ஓட்டியவர்கள் மிகச் சிலர். ஆகவே "மிக்-25 விமானியின் உடை" என்று அடிக்கடி விற்பனைக்கு வந்தால், அந்த எண்ணிக்கையே நமக்கு முதல் எச்சரிக்கை.

வவுச்சர் போல ஐந்து கேள்விகள்

வங்கியில் ஒரு வவுச்சர் வந்தால் தேதி, தொகை, பெயர், கையெழுத்து எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். ஒன்று இடித்தாலும் பணம் போகாது. பழைய பொருளுக்கும் அதே முறைதான். லேபிளை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எல்லாப் பாகங்களும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

முதல் கேள்வி: எழுத்து என்ன சொல்கிறது?

நம் ஊரில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. பழையவை பிரிட்டிஷ், பிந்தையவை சோவியத்.

பிரிட்டிஷ் பொருளில் மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கலாம். அது அரசாங்கச் சொத்து என்பதற்கான குறி. கிரீடத்தோடு 'ஏ.எம்.' என்ற எழுத்துகள் இருந்தால் அது ஏர் மினிஸ்ட்ரி. பொருள் எண் '22சி' என்று தொடங்கினால் விமானி உடை வகை. '6டி' என்று தொடங்கினால் ஆக்ஸிஜன் சாதனம். '6டி' எண் போட்ட தோல் தொப்பியை யாராவது காட்டினால், பேரேட்டில் தப்பான கணக்குத் தலைப்பில் எழுதிய மாதிரி. அப்படியே நிறுத்தி விசாரியுங்கள்.

சோவியத் பொருளில் ரஷ்ய எழுத்துகள். பயப்பட வேண்டாம், நான்கைந்து அடையாளம் போதும். அழுத்த உடையின் ரஷ்யப் பெயரின் சுருக்கம் வே.கா.கா. ஆனால் ரஷ்ய 'வ' ஆங்கில 'பி' போல இருப்பதால், நம் கண்ணுக்கு 'பி.கே.கே.' என்று தெரியும். அதோடு அணியும் ஹெல்மெட்டின் சுருக்கத்தில் முதல் எழுத்து தலைகீழான 'எல்' போலவும், இரண்டாவது எழுத்து மூன்று முனைச் சூலம் போலவும் இருக்கும். சாதாரண உயரத்தில் அணியும் கெட்டி ஹெல்மெட்டில் '3' என்ற எண் போல ஓர் எழுத்து, அதன் பக்கத்தில் அதே சூலம். 'ஓ.டி.கே.' போலத் தெரியும் சின்ன முத்திரை, தொழிற்சாலைத் தரச் சோதனைப் பிரிவின் முத்திரை. நம் வங்கியில் 'சரிபார்க்கப்பட்டது' என்று குத்துவோமே, அது மாதிரி.

சீன எழுத்து இருந்தால்? சீனாவும் மிக்-21-ஐப் பின்பற்றி விமானம் செய்தது. அதற்கான ஹெல்மெட், உடைகளும் அங்கேயே தயாராயின. அவையும் நிஜமான ராணுவப் பொருட்கள்தான். சீனப் பொருள் என்று சொல்லி விற்றால் தவறில்லை. சோவியத் பொருள் என்று சொல்லி விற்றால்தான் ஏமாற்று.

இரண்டாம் கேள்வி: காலம் இடிக்கிறதா?

பிரிட்டிஷ் முத்திரையில் கிரீடத்தைப் பாருங்கள். ஆறாம் ஜார்ஜ் காலக் கிரீடத்தின் மேல்வளைவு குவிமாடம் போல உருண்டிருக்கும். 1952-இல் எலிசபெத் அரசியான பிறகு வந்த கிரீடத்தில் அந்த வளைவு நடுவில் பள்ளமாக இறங்கும். பள்ளக் கிரீடம் போட்டு '1943' என்று இருந்தால் அது நடவாத காரியம்.

நம் விமானப்படைக்கு 'ராயல்' என்ற அடைமொழி 1945-இல் வந்தது. 1950 ஜனவரி 26 அன்று, நாம் குடியரசானதும் போனது. ஆகவே 'ஆர்.ஐ.ஏ.எஃப்.' என்று இருந்தால் அது அந்த ஐந்து வருஷத்துப் பொருளாக இருக்க வேண்டும். "இது 1962 சண்டையில் கொடுத்தது" என்று கதை சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு வந்துவிடுங்கள்.

உயரத்துக் குளிருக்கு அணிந்த ஆட்டுத்தோல் ஜாக்கெட் என்றால் ஜிப்பைப் பாருங்கள். ஒய்.கே.கே. என்ற ஜப்பானிய நிறுவனப் பெயர் யுத்தத்துக்குப் பிறகு பிரபலமானது. 1941-ஆம் வருஷத்து பிரிட்டிஷ் ஜாக்கெட்டில் அந்த ஜிப் எப்படி வரும்? பெரியமேட்டுத் தோல் கடைகளில் சொன்னால் அந்த மாதிரி ஜாக்கெட் அழகாகத் தைத்துக் கொடுப்பார்கள். அதை வாங்கி ஊட்டிக்குப் போட்டுக்கொண்டு போகலாம். அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

மூன்றாம் கேள்வி: அது செய்ய வேண்டிய வேலையைச் செய்யுமா?

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். 'ஜி உடை' என்று ஒன்று உண்டு. விமானம் வேகமாகத் திரும்பும்போது ரத்தம் தலையிலிருந்து காலுக்கு இறங்கி விமானி மயங்காமல் இருக்க, வயிறு, தொடை, கெண்டைக்கால் ஆகிய இடங்களில் காற்றுப் பைகள் இறுக்கும். பி.பி. பார்க்கும்போது கையில் கட்டும் பட்டை மாதிரி. இது உயரத்துக்கான உடை இல்லை. நிறையத் தயாரானது, விலையும் குறைவு. கைகளுக்கு ஒன்றுமே இல்லை, கை நெடுகக் குழாயும் இல்லை, கயிற்றுப் பின்னலும் இல்லை என்றால் அதை "உயரப் பறக்கும் அழுத்த உடை" என்று வாங்காதீர்கள்.

ஹெல்மெட்டும் அப்படியே. முகக்கவசத்தைக் கொக்கியில் மாட்டும் ஹெல்மெட் வேறு. தலையை முழுக்க மூடி, முன்னால் கண்ணாடியோடு, கழுத்தில் காற்றுப் போகாமல் அடைக்கும் ஹெல்மெட் வேறு. இரண்டாவதுதான் மிக உயரத்துக்கானது.

நம் 'சி' பிளாக்கில் கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் போன மாதம் என்னிடம் போனைக் காட்டினான். "அங்கிள், விண்வெளி வீரர் ஹெல்மெட், ராகேஷ் சர்மா போட்ட வகை, 1,20,000 ரூபாய். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் இருக்கு, வாங்கட்டுமா?" என்றான். படத்தில் இருந்தது கெட்டியான வெள்ளை ஹெல்மெட். ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11-இல் போனபோது அணிந்தது சோக்கோல் என்ற உடை. அதன் தலைப்பகுதி உடையோடு சேர்ந்த மெத்தென்ற துணி. திறந்து மூடும் கண்ணாடி மட்டும்தான் கெட்டி. "உள்ளே இருக்கிற லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுப்பா" என்றேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், "உங்களுக்காக 60,000" என்று வந்ததாம். லேபிள் படம் மட்டும் வரவே இல்லை. பையன் வாங்கவில்லை. இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான், பெயரைச் சொல்லவில்லை.

நான்காம் கேள்வி: தேய்மானம் எங்கே இருக்கிறது?

கேஷ் கவுன்ட்டரில் இருந்தவர்களுக்குத் தெரியும். நிஜமாகப் புழங்கிய பழைய நோட்டு மடிப்பில் கறுத்திருக்கும், ஓரம் நைந்திருக்கும், மற்ற இடம் ஓரளவு நன்றாகவே இருக்கும். ஹெல்மெட்டில் வியர்வை தாடைப் பட்டையிலும் நெற்றிப் பக்கத்திலும் தெரியும். தோல் தொப்பியில் காது வைக்கும் வட்டத்தின் ஓரம் பளபளக்கும். உடையில் கயிறு ஓடும் துளைகளின் விளிம்பு தேய்ந்திருக்கும். டீத் தண்ணீரில் முக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பழசாக இருக்கும். அப்படி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ரப்பரையும் பாருங்கள். 50 வருஷத்து ரப்பர் இறுகியோ, பிசுபிசுத்தோ, வெடித்தோ இருக்கும். உடம்பெல்லாம் பழசாக இருந்து குழாய் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மாற்றியது குற்றமில்லை, அதைச் சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

ஐந்தாம் கேள்வி: காகிதம் எங்கே?

இதில் கதைக்குப் பஞ்சமே இல்லை. ஓர் உதாரணம். 1964 மே மாதம் அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் ஒடிசாவில் சார்பாதியா விமானதளத்திலிருந்து சீன எல்லைப் பக்கம் பறந்தது. இது உண்மை, 2013-இல் வெளியான அமெரிக்க உளவுத்துறை ஆவணத்திலேயே இருக்கிறது. பறந்தது மே 24; மூன்றாம் நாள் நேரு காலமானார். யு-2 விமானிகள் அழுத்த உடை அணிந்தவர்கள் என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளை ஒட்டி, "சார்பாதியாவில் விட்டுப்போன உடை" என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்ப்பது ரொம்ப சுலபம். சரித்திரம் நிஜமாக இருந்தால் பொருளும் நிஜம் என்று ஆகாது. அமெரிக்க உடை என்றால் ஒப்பந்த எண்ணோடு கூடிய லேபிள் இருக்க வேண்டும். அது வந்த வழிக்குச் சீட்டு இருக்க வேண்டும்.

ராணுவம் கழித்துப் போடும் பொருட்கள் எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் மின்னணு ஏலம் வழியாக வெளியே வருவதுண்டு. விற்பவரிடம் ஏலச் சீட்டோ, முதல் உரிமையாளரின் கடிதமோ கேளுங்கள். இல்லையென்றால் அரசாங்கச் சொத்து எப்படி வெளியே வந்தது என்ற கேள்வி நாளைக்கு உங்களிடம் வரும்.

வேட்டித் துணியில் ஒரு லாக் புக்

பரணில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். மந்தைவெளிப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு மாமி, 80 வயது தாண்டியவர். கணவர் மிக்-21 ஓட்டியவர். காலமாகிப் பல வருஷம் ஆகிறது. வீட்டைக் காலி செய்து மகனிடம் போகப் போவதால் பரணைக் காலி செய்தார். ஒரு டிரங்குப் பெட்டி. பழைய பேப்பர்காரர் ஹெல்மெட்டுக்கு 200 ரூபாய் என்றாராம். காகிதங்களை மற்ற பேப்பரோடு எடை போட்டுவிடலாம் என்றாராம். மாமி, "எதற்கும் நீ ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுடா" என்று கூப்பிட்டார்.

உள்ளே கெட்டி ஹெல்மெட், தோல் தொப்பி, ரப்பர் முகக்கவசம், கழித்த பொருளை நினைவுக்கு வைத்துக்கொள்ள அனுமதித்த ஒரு சீட்டு. அடியில், வேட்டித் துணியில் சுற்றிய ஒரு லாக் புக். எந்தத் தேதி, எந்த விமானம், எவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு பறத்தலும் அவர் கையாலேயே எழுதியது. தோல் தொப்பியின் உள்பக்கம் மங்கிய மசியில் ஒரு பெயர் இருந்தது. வங்கியில் மாதிரிக் கையெழுத்து அட்டையோடு செக்கை ஒப்பிட்ட பழக்கத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே சாய்வு, அதே சுழி. மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அவருக்கு எல்லாத்துலயும் பேர் எழுதணும், டிபன் பாக்ஸ்லகூட" என்றார்.

சேகரிப்பவர் கணக்கில் சொன்னால், அந்த லாக் புக்கைப் பிரித்து எடைக்குப் போட்டிருந்தால் மிச்சம் இருப்பது வெறும் ஹெல்மெட். அதைப் போல உலகத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. லாக் புக், சீட்டு, பெயர் எல்லாம் சேர்ந்திருந்தால், அது ஒரே ஒரு மனிதர் இன்ன தேதியில் இன்ன உயரத்தில் தலையில் வைத்திருந்த ஹெல்மெட். மாமி பெட்டியை அப்படியே பூட்டி வைத்திருக்கிறார். விற்பதா, அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதா என்று மகன் வந்து முடிவு செய்வார். நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: எங்கே போனாலும் பிரிக்காமல் போகட்டும்.

வைத்துக்கொள்பவர்களுக்குச் சில வார்த்தைகள்

தோலுக்கும் ரப்பருக்கும் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். ரப்பர் கெடும். ஆக்ஸிஜன் சாதனத்தில் எண்ணெய் பட்டால், அதை எப்போதாவது ஆக்ஸிஜனோடு இணைக்கும்போது தீப்பிடிக்கும். அண்ணா இதற்காக ஜூனியர்களைத் திட்டாத நாளில்லை.

நம் அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கத்து உப்புக் காற்றும் ஈரமும் தோலுக்கு எதிரி. துவைத்து உலர்ந்த பழைய பருத்தி வேட்டியில் தளர்வாகச் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளைப் போட்டு, அலமாரியின் நடுத் தட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் அடைக்காதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள். அந்துருண்டை பிளாஸ்டிக்கைத் தொட வேண்டாம். உலோகப் பாகத்தைப் பளபளவென்று தேய்க்காதீர்கள். முத்திரையும் சேர்ந்து போய்விடும்.

பழைய உடையில் காற்று அடித்துப் பார்க்காதீர்கள். பழைய முகக்கவசத்தில் மூச்சு இழுத்துப் பார்க்காதீர்கள். பெட்டியில் இருட்டில் ஒளிரும் முள் வைத்த பழைய கடிகாரமோ, காம்பஸோ இருந்தால் கண்ணாடியைத் திறக்க வேண்டாம். அந்தக் காலத்து ஒளிர் பூச்சில் ரேடியம் இருக்கலாம்.

இளைஞர்களுக்கு: விமானி ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு டூவீலர் ஓட்டாதீர்கள். அது தலை தரையில் மோதுவதற்குச் செய்ததில்லை, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கிடையாது. படைவீரர் உடையை அணிந்து, தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்பும்படி நடந்துகொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா 168-ஆம் பிரிவின்படி குற்றம். கொலு மேடையில் வைக்கலாம். டோல்கேட்டில் காட்டக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் குடியிருப்பிலும் பக்கத்துத் தெருக்களிலும் முப்படையில் இருந்தவர்களின் குடும்பங்கள் பல இருக்கின்றன. பரணைச் சுத்தம் செய்யும் முன் ஒரு போன் செய்யுங்கள். மாலை 5 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். நான் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை, விலை சொல்வதும் இல்லை. பொருளும் காகிதமும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்வேன். பெரியவர்கள் இருக்கும் வீடு என்றால், பொருளைக் காட்டி அவர்கள் சொல்வதைப் பேரனோ பேத்தியோ போனில் பதிவு செய்து, தேதி போட்டு ஒரு தாளில் எழுதி, பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். அதுவும் ஒரு வவுச்சர்தான்.

காபி வாசனை வந்துவிட்டது.